திருத்தமே இல்லாத கோதண்டம்

கோதண்டத்தின் பதிவில் ஆணையம் கண்டுபிடித்த ஒரே குறை, அதில் ஒரு குறையும் இல்லை என்பதுதான். பெயர் சரி, அப்பா பெயர் சரி, பிறந்த தேதி சரி, கதவு எண் சரி. திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயதுவரை அங்கேயே குடியிருந்து, ஃபைபர் படகு ஓட்டிப் பிழைக்கிற மனிதர். தன் பேருக்கென்று ஒரு மனு எழுதியதில்லை. “ஆபீஸுக்காரன் மூஞ்சில முழிக்காம வாழ்ந்துகினு கீறேன்” என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை இந்த வருடத்தோடு தீர்ந்தது.

கடற்கரைக் குடியிருப்போர் பதிவேட்டு ஆணையம் என்று ஒன்று உண்டு. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பது அதன் வேலை. 2019இல் பட்டியல் எடுத்தபோது 5,212 குடும்பங்கள். ஒரு பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையர், இரண்டு இணை ஆணையர், மூன்று ஜீப், எண்பத்தாறு ஊழியர். இத்தனை பேருக்கு ஒரே பட்டியல் போதவில்லை. அதனால் மறுவருடமே ஆணையத்தை இரண்டு கிளையாகப் பிரித்தார்கள். இராயபுரத்தில் தெற்குக் கிளை, எண்ணூரில் வடக்குக் கிளை. ஆளுக்கொரு முழுப் பிரதி கொடுத்து, அவரவர் பிரதியை அவரவர் திருத்திக்கொள்ளலாம் என்று உத்தரவும் போட்டார்கள்.

அப்புறம் தூய்மை வாரம் வந்தது. இராயபுரத்துக்காரர்கள் தங்கள் பிரதியைப் புரட்டிப் பார்த்து, திருவொற்றியூர், எண்ணூர் ஆட்களெல்லாம் நமக்கெதற்கு என்று அடித்துத் தள்ளினார்கள். எண்ணூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இராயபுரம், காசிமேடு ஆட்களை மொத்தமாக அடித்தார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த தாள்களைக் குறைத்ததற்காக இரண்டு கிளைக்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. இதுவரைக்கும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த வருடம் ஆணையர் ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் போனார். அங்கே மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் ஒரே நிரலைப் பல கிளைகளாகப் பிரித்துக்கொண்டு எழுதுவதையும், பிறகு ஒரு பொத்தானைத் தட்டி எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பதையும் பார்த்துவிட்டார். பார்த்தது வினையாகப் போயிற்று. திரும்பி வந்ததும் இரண்டு கிளைகளின் பட்டியலையும் அதே முறையில் இணைக்கப் போவதாக அறிவித்தார். ‘சங்கமம்’ என்று மென்பொருளுக்குப் பெயர் வைத்து, அதற்கு ஒரு குத்துவிளக்கும் ஏற்றினார்.

இணைப்பு முடிந்த அன்று அவர் பேசிய பேச்சு சுற்றறிக்கையாகவே வந்தது. “ஐயாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். அவற்றில் 611 பதிவுகளில் மட்டுமே பிணக்கு. மீதி 4,601 பதிவுகள் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் இணைந்துவிட்டன. மக்கள் நம்மோடு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பிணக்கு வந்த 611 பேரையும் கூப்பிட்டு விசாரித்துச் சேர்த்துக்கொண்டோம். இனி இதுதான் பட்டியல்.”

புதுப் பட்டியல் எண்ணூர்க் கிளை வாசலில் ஒட்டப்பட்டது. அதில் 611 பெயர்கள் இருந்தன.

கோதண்டத்துக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. குப்பத்தில் 132 குடும்பம். குடிசைகளுக்குப் பதிலாக, அதே கடற்கரையில் 132 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டி முடித்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் சாவி. இல்லாவிட்டால் புழலுக்கும் அந்தப் பக்கம் ஒரு பொட்டலில் இடம். அங்கிருந்து கொண்டு காற்று எப்படி அடிக்கிறது, அலை எப்படி எழும்புகிறது என்று யார் பார்ப்பது? படகைக் கரையில் விட்டுவிட்டு ஆள் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தொழில் அன்றோடு முடிந்தது.

பட்டியலில் அந்தக் குப்பத்து ஆட்கள் பதினேழு பேர்தான். கோதண்டம் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தார். அவர் பெயர் இல்லை. மூன்றாவது இடத்தில் அவரைப் பெற்ற நைனாவின் பெயர் இருந்தது. ‘ஏகாம்பரம், வயது 83, காலமானார்.’ நைனா பக்கத்துக் குடிசையில் தனி ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு தனியாகப் பொங்கித் தின்றவர். போய் நாலு வருடமாகிறது.

“எம்பேரு பூந்துச்சு மாமு” என்றார் பக்கத்து வீட்டு லூர்து. அவரை 2019இல் பெண் என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தப் போனபோது வயதை நூற்றுநாலு ஆக்கினார்கள். அதையும் திருத்தினார். “மூணு தபா அலைஞ்சேன். கண்டமேனிக்கு எய்தி வெச்சானுங்களேனு அப்ப வவுறு எரிஞ்சிது. இப்ப பாத்தா அதான் காப்பாத்திகீது.”

கோதண்டம் உள்ளே போனார். வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் கண்காணிப்பாளர் மலிகா அம்மாள். நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், கணினியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“உங்க பதிவு ரொம்பச் சுத்தமா இருக்குங்க. ஒரு பிழைகூட இல்ல.”

“அப்பால ஏன் மேடம் பேரு இல்ல?”

“அதான் சொல்றேனே, பிழை இல்ல. அதனால பிணக்கு வரல. பிணக்கு வந்தாதான் ஒரு மனுஷர் உக்காந்து பாக்கணும்னு விதி. ஒரு எழுத்தாவது தப்பா இருந்து நீங்க திருத்தியிருந்தா எங்க பார்வைக்கு வந்திருப்பீங்க. எவ்வளவு திருத்தம் இருக்கோ அவ்வளவு நல்லது.”

“எங்க நைனா பேரு கீதே. அவரு பூட்டாரே.”

“இறந்ததா உங்க வீட்டம்மாதானே வந்து சான்றிதழ் கொடுத்தாங்க. எண்ணூர்ல அதைச் சேர்த்தோம். அது ஒரு திருத்தம். இராயபுரத்துல அவரை அடிச்சிருக்காங்க. அப்போ பிணக்கு ஆகுது இல்லையா? விசாரணைக்கு அவர் பேருக்கே கடிதம் போட்டோம். வரல. ஆட்சேபம் இல்லைன்னு எடுத்துக்கிட்டு, பேரை வெச்சிட்டோம்.”

இதை அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கோதண்டம் எழுந்து வெளியே வந்தார்.

வராந்தாவில் தீபன் என்றொரு பையன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். கொடுங்கையூர்க்காரன், ஒப்பந்தப் பொறியாளன். சங்கமத்தை ஓட்டுகிறவன் அவன்தான். அந்தக் கட்டடத்தில் உண்மையைச் சொல்லக் கூச்சப்படாத ஒரே ஆள், ஏனென்றால் அவன் நிரந்தர ஊழியன் இல்லை.

“தபாரு அண்ணாத்தே. ரெண்டு பேரு ஒரே நோட்டோட ஜெராக்ஸ வெச்சிகினு தனித்தனியா எய்தறாங்கனு வெச்சிக்க. அப்பால ஒண்ணா சேக்கணும். எவன் இன்னா மாத்துனான்னு எப்டித் தெரியும்? ரெண்டு பேருக்கும் பொதுவா கடைசியா இருந்த நோட்ட எடுத்து நடுவுல வெச்சுப் பாக்கணும். அதுக்குப் பேரு பொது மூதாதை. ஒருத்தன் மாத்திகீறான், இன்னொருத்தன் கையே வெக்கலைனா, மாத்துனதுதான் செல்லும். ரெண்டு பேரும் மாத்திகீறாங்கனா மிசினு கையத் தூக்கிடும். அதான் பிணக்கு.”

“நான் மாறவே இல்லியே தம்பி.”

“அதான் பேஜாரு. உம்பேர எண்ணூர்க்காரன் தொடல. ராயபுரத்துக்காரன் அட்சிட்டான். அட்சவன் ஜெயிச்சான். அவங்க ஆளுங்கள இவங்க அட்சாங்க, இவங்க ஆளுங்கள அவங்க அட்சாங்க. ரெண்டும் செல்லுபடியாயிடுச்சு.”

“மிசினு தப்பு பண்ணிடுச்சா?”

“மிசினு கரீட்டா பண்ணிச்சு” என்றான் தீபன் வருத்தமாக. “அதுக்கு இன்னா தெரியும்? வேணும்னு அட்சாங்கனு நெனச்சிகிச்சு.”

மேல்முறையீடு செய்யலாம் என்று வழி சொன்னவர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வேதமாணிக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். “எந்தப் பிரதிய நடுவுல வச்சுப் பாத்தாங்கன்னு கேளுங்க அண்ணாச்சி. அது தப்பான பிரதின்னு சொல்லுங்க. ஒங்க பேர்ல தப்பு இல்லன்னா அவங்க மூதாதை பேர்லயாவது தப்பு இருக்கட்டும்” என்றார். அவரே ஒரு மனு எழுதி, குப்பத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதையே பிரதி எடுத்துக் கொடுத்தார். 115 மனுக்களும் ஒரே வாசகம் என்பதால் சங்கமம் அவற்றை ஒரே மனுவாக இணைத்தது. முதலில் கொடுத்தவர் கோதண்டம். ஆகவே மற்ற 114 பேருக்கும் குறை இல்லை என்று பதிவாயிற்று.

விசாரணை, ஆணையர் முன்னிலையில் நடந்தது. பொது மூதாதை எது என்று தேடுவதற்கு ஐவர் குழு ஒன்று போட்டார்கள். பழைய பீரோக்களைத் திறந்தார்கள், பதிவுப் புத்தகங்களைப் புரட்டினார்கள். குழு பத்து நாளில் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தது. தூய்மை வாரம் முடிந்த கையோடு புயல் வந்தபோது, ஒரு கிளை மூழ்கினாலும் மற்றது பிழைக்கட்டும் என்று, இரண்டு கிளைகளும் தங்கள் பிரதியை ஒன்றுக்கொன்று அனுப்பியிருக்கின்றன. இரண்டு ஜீப்பும் ஒரே நாள் புறப்பட்டு, திருவொற்றியூர்த் தேரடியில் எதிரும் புதிருமாக நின்று, ஓட்டுநர்கள் டீ குடித்துவிட்டுப் பிரிந்திருக்கிறார்கள். வந்த பிரதியை இரு கிளையிலும் வாங்கி, ‘பெறப்பட்டது, இணைக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

“ஆகவே 2019ஆம் வருடப் பிரதி பொது மூதாதை அல்ல” என்று குழு அறிவித்தது. “அதற்குப் பிறகு இரு கிளைக்கும் பொதுவாக இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாள். எது பிந்தியது என்று சொல்ல வழியில்லை.”

வழி தேடினார்கள். ஓட்டுநர்களைக் கூப்பிட்டு யார் முதலில் டீயைக் குடித்து முடித்தது என்று கேட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். ஒருவர் டீ குடிக்கவில்லை, பால் குடித்தேன் என்றார். அதனால் அந்த வழி அடைபட்டது.

கடைசியில் தீபனைக் கேட்டார்கள். இப்படி மூதாதை இரண்டாகிவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்?

“ரெண்டையும் இணைச்சு, ஒரு கற்பனை மூதாதைய உண்டாக்கிக்கும் சார். அப்படி ஒரு பிரதி எப்பவும் இருந்திருக்காது. கணக்குப் பாக்கறதுக்கு மட்டும் வெச்சிக்கும்.”

ஆணையருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் என் பணிக்காலம் முழுக்க இதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் இருந்த ஆவணத்தில் ஆயிரம் குறை இருக்கும். எப்போதும் இல்லாத ஆவணத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. உடனே உண்டாக்குங்கள்.”

தீபன் உண்டாக்கினான். ஒரு பிரதியில் வடக்கு ஆட்கள் அடிபட்டிருந்தார்கள், இன்னொன்றில் தெற்கு ஆட்கள். இரண்டு அடித்தலும் செல்லும். இணைத்துப் பார்த்தபோது கற்பனை மூதாதையில் ஒரு பெயரும் இல்லை.

ஆணையர்தான் முதலில் தெளிந்தார். “பூஜ்யமும் ஓர் எண்தான்” என்றார். 212 வெள்ளைத்தாள்கள் தைக்கப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தப்பட்டு, ‘மூலப் பதிவேடு’ என்று அட்டை போடப்பட்டது. இணை ஆணையர்கள் இருவரும் எல்லாத் தாளிலும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு மைக்கறை இருந்ததால் அந்தத் தாளை மட்டும் மாற்றினார்கள்.

வெற்றுப் பதிவேட்டை நடுவில் வைத்து இரு கிளைப் பட்டியல்களும் மறுபடி இணைக்கப்பட்டன. மூலத்தில் இல்லாத ஒரு பெயர் எண்ணூர்ப் பிரதியில் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எண்ணூர்க்காரர்கள் அதைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடிபட்ட 4,601 பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். கோதண்டம் ஜெயித்துவிட்டார். மலிகா அம்மாள் எழுந்து நின்று அவர் கையில் சான்றிதழைக் கொடுத்தார்.

கோதண்டம் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘இக்கடற்கரைக்குப் புதிதாக வந்து சேர்ந்துள்ள திரு. கோதண்டம் அவர்களை ஆணையம் அன்புடன் வரவேற்கிறது.’ கீழே இந்த வருடத் தேதி.

“நான் புச்சா வர்ல சார். இங்கதான் பொறந்தேன்.”

“பிறந்ததை யார் மறுத்தது?” என்றார் ஆணையர். “நீங்கள் வந்ததைத்தான் பதிவு செய்திருக்கிறோம். தொடர்ந்து பதினைந்து வருடம் குடியிருந்தால் வீட்டுக்குத் தகுதி வந்துவிடும். பொறுமையாக இருங்கள்.”

“எங்க சார் குடியிருக்கறது? குடிசைய எட்துடறீங்களே.”

“அது வேறு துறை.”

பிணக்குத் தீர்ந்த அந்த 611 பேரும் புதியவர்களாகிவிடுவார்களா என்று தீபன் கேட்டான். ஒருமுறை தீர்த்துவைத்த பிணக்கை ஆணையம் மறுபடி திறப்பதில்லை என்று பதில் வந்தது. அவர்கள் பழைய குடிகள்தான். குப்பத்தில் பதினேழு வீட்டுக்கு ஆள் இருக்கிறது. மீதி 115 வீடுகளில் மூலப் பதிவேட்டையும் அதன் பிரதிகளையும் பாதுகாப்பாக வைக்கலாம் என்று முடிவாயிற்று.

பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கோதண்டத்தின் மனைவி புஷ்பவல்லி மீன் விற்றுவிட்டு வந்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு அதைக் கேட்டாள். மார்க்கெட்டில் நாலு பேரை ஒரே மூச்சில் வாயடைக்க வைக்கிறவள், இன்றைக்கு நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“புழலாண்ட போயி இன்னா பண்றது? ஏரில வல வுடறதா?” என்றாள். “இந்தக் கடலு இல்லாங்காட்டி நீ நாலு நாளு தாங்கமாட்டய்யா. எனக்குத் தெரியும்.”

கோதண்டத்துக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அவருக்குப் பயமாக இருந்தது. புயலில் சிக்கி இரண்டு நாள் கரை தெரியாமல் கிடந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

சாவி வழங்கும் விழாவுக்கு அடுக்குமாடி வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். பதினேழு சாவிகளும் தாம்பாளத்தில் மல்லிகைச் சரத்தோடு இருந்தன. புதியவர்களும் வந்து கைதட்டலாம் என்று சுற்றறிக்கையில் இருந்ததால் குப்பமே வந்திருந்தது. முதல் சாவியை லூர்து வாங்கினார். இரண்டாவது ஒரு விதவை, வீட்டுக்காரர் பெயர் தப்பாக ஏறி இருமுறை திருத்தியவள். மூன்றாவதாக மைக்கில், “திரு. ஏகாம்பரம்” என்று கூப்பிட்டார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். வராவிட்டால் சாவி ஆணையத்தின் வசம் போய்விடும் என்றும் சொன்னார்கள்.

கோதண்டம் எழுந்தார். புஷ்பவல்லி அவர் சட்டையைப் பிடித்தாள். “இன்னாய்யா பண்ற?” அவர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு மேடைக்குப் போனார். நைனாவுக்குத் தன் கையால் கொள்ளி வைத்த மனிதர், இன்று அதே நைனா பெயரைச் சொல்லிக்கொண்டு படியேறினார்.

“எண்பத்துமூன்று வயதா?” என்றார் ஆணையர். “திடமாக இருக்கிறீர்கள். எங்கேயோ பார்த்த முகம்.”

“எம்புள்ள கோதண்டம் எம் மாதிரியே இருப்பான் சார். அவந்தான் உங்களாண்ட வந்துகினு இருந்தான்.”

“அடடே. அவரால்தான் மூலப் பதிவேடே கிடைத்தது. நல்ல மனிதர்.”

பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற மலிகா அம்மாள் கோதண்டத்தைப் பார்த்தார், பதிவைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன. குரலைத் தாழ்த்தி, “காலமானார்னு ஒரு திருத்தம் இருக்கே” என்றார்.

“தப்பா பூந்துகீது மேடம். இன்னொரு திருத்தம் போட்டுக்குங்க. எவ்ளோ கீதோ அவ்ளோ நல்லதுனு சொன்னீங்களே.”

மலிகா அம்மாள் யோசித்தார். சாவி வாங்கப்படாவிட்டால் எட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். திருத்தத்துக்கு ஒரே படிவம். “உங்களை உயிரோட இருக்கறதா மாத்திடலாம். ஆனா சங்கமத்துல ஒரு சாவு ஏறியிருக்கு. ஏறினதை அழிக்க முடியாது. யார் பேர்லயாவது வெச்சாகணும். அந்த அட்டையோட சம்பந்தப்பட்டவங்களா இருக்கணும்.”

கோதண்டம் பந்தலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

“எம்புள்ள பேர்ல போட்டுக்குங்கம்மா” என்றார். “அவன் பூட்டான்.”

கையெழுத்துப் போடத் தெரிந்தவர், நைனா வைத்ததுபோலவே இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். சாவி கைக்கு வந்தது.

ஆணையருக்கு மனசு கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தார். “இந்த மகிழ்ச்சியான நேரத்தில் ஒரு துயரச் செய்தி. நம் ஆணையத்தின் வரலாற்றிலேயே ஒரு திருத்தமும் இல்லாத பதிவுக்குச் சொந்தக்காரர், சமீபத்தில்தான் இக்கடற்கரைக்கு வந்து சேர்ந்த திரு. கோதண்டம் அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துவிட்டார். ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்போம்.”

இணை ஆணையர்கள் எழுந்தார்கள். மலிகா அம்மாள் தலை குனிந்தார். லூர்து ஒன்றும் புரியாமல் எழுந்து, தொப்பியைக் கழற்றினார். குப்பமே எழுந்து நின்றது. மேடையில் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோதண்டமும் தலைகுனிந்து நின்றார்.

புஷ்பவல்லி மட்டும் எழுந்திருக்கவில்லை.